பெயரும் கையும்: கிற்றாரின் வரலாறு சொல்வது என்ன?

பிள்ளைக்குக் கிற்றார் வாங்கிக் கொடுக்க விரும்பும் பெற்றோர் கண்டியில் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “எந்தக் கொம்பனியின் கிற்றார் நல்லது?” மரம் எது, ஒலி எப்படி, சின்ன விரலால் தந்தியை அழுத்த முடியுமா என்பவை அடுத்து வர வேண்டிய கேள்விகள். பல வேளைகளில் அவை வருவதேயில்லை. பெயர் கிடைத்துவிட்டால் விசாரணையும் முடிந்துவிடுகிறது.

இதைப் பரிகசிப்பதற்கில்லை. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. இறக்குமதியாகும் எந்தப் பொருளும் அந்த அடியிலிருந்து தப்பவில்லை. தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவருக்கோ கடைச் சிப்பந்தி ஒருவருக்கோ கிற்றாருக்குக் கொடுக்கும் பணம் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு. கருவியைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர் அத்தகைய தொகையை எண்ணி வைக்கும்போது ஏதேனுமொரு பிடிமானத்தைத் தேடுவது இயல்பே. கிற்றாரின் தலைப்பாகத்தில் பொறித்திருக்கும் பெயரே அவருக்கு அந்தப் பிடிமானம்.

அந்தப் பெயர் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? இசைக்கலைஞர்கள் தத்தம் அனுபவத்தைக் கொண்டு இதற்கு விடை கூறுவர். நான் இசைக்கலைஞனல்லன். செய்தித்தாளில் காலம் கழித்தவன் என்ற முறையில், ஒரு பெயர் எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்று தேடுவதே எனக்குத் தெரிந்த வழி. அவ்வழியே சென்று பார்த்தால், கிற்றார் கொம்பனிகளின் வரலாறு என்பது செய்தவரின் கையும் பொருளின் பெயரும் படிப்படியாகப் பிரிந்துபோன வரலாறாகவே தோன்றுகிறது.

பெயர் பொறிக்காத கைகள்

கண்டி, மரத்தையும் தோலையும் இசையாக்கத் தெரிந்த ஊர். எசல பெரஹராவில் முழங்கும் கண்டிய மேளத்தின் உடலைக் கொன்றை, வேம்பு, பலா போன்ற மரங்களில் குடைகிறார்கள். அந்த மேளத்தில் ஒரு கொம்பனியின் பெயரைத் தேடினால் கிடைக்காது. மேளம் வேண்டுபவர் அதைச் செய்பவரின் வீட்டுக்குப் போகிறார். அல்லது செய்பவரை அறிந்த ஒருவரை அவர் அறிந்திருக்கிறார். மேளம் சரியில்லையென்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது அவருக்குத் தெரியும்.

இந்த உலகத்தை எழுத்தில் பதிந்து வைத்தவர்களுள் முதன்மையானவர், கொழும்பில் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி (1877 – 1947). இலங்கையின் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாக அவர் இருந்தது 1903 முதல் 1906 வரை. பாறைகளைத் தேடிப் போனவர் கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞர்களைக் கண்டார். அதன் விளைவாக 1908இல் வெளிவந்ததே ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற அவரது பெருநூல். கண்டி மன்னரின் கீழ் இயங்கிய ‘பட்டல் ஹத்தர’ எனும் நான்கு பட்டறைகளைப் பற்றியும், கைவினைஞர் காணி பெற்று அதற்குரிய சேவையாகத் தொழில் செய்த முறைமை பற்றியும் அதில் விரிவாக அறியலாம். அந்த அமைப்பில் தரத்துக்கு உத்தரவாதம் பொருளின் மேல் பொறித்த பெயரன்று. ஊரும் அரண்மனையும் அறிந்திருந்த குடும்பமும் கையுமே உத்தரவாதம். எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களின் செதுக்கல்களைத் தெல்மட மூலாச்சாரி என்ற ஒருவரோடு தொடர்புபடுத்துவது மரபு. அத்தகைய பெயர்கள் நமக்கு எஞ்சியிருப்பது மிக அரிது.

அக்காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. சாதியோடு பிணைந்த சேவை முறை அது. மேளத்துக்குக் கிடைத்த மரியாதை மேளம் செய்தவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் வாங்குபவருக்கும் செய்பவருக்கும் இடையிலான தூரம் ஒரு நாள் நடைதூரத்துக்குள் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கிற்றார் இந்த உலகைச் சேர்ந்ததன்று. தந்தி மீட்டும் ஐரோப்பியக் கருவிகள் போர்த்துக்கேயரோடு இலங்கைக் கரையோரத்துக்கு வந்தன. மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தில் வயலினோடும் கிற்றாரோடும் அந்தத் தொடர்பு இன்றளவும் நிற்கிறது. மலைநாட்டு இராச்சியம் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் வசப்படாமல் 1815 வரை நின்றது. அதன் பின்னரே கரையோரத்துப் பண்பாடு தடையின்றி மலையேறிற்று. 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்து அந்த வழியை அகலமாக்கியது. தொலைவிலிருந்து வரும் கருவிக்குத் தட்டுவதற்குக் கதவு இல்லை. அந்தக் கதவு இருந்த இடத்தில்தான் பெயர் வந்து அமர்ந்தது.

பெயர் சொத்தானபோது

ஆரம்பத்தில் கிற்றாரின் பெயரும் ஒரு மனிதரின் பெயராகத்தான் இருந்தது. சக்சனியின் மார்க்நொய்கிர்சன் நகரில் பிறந்த கிறிஸ்ரியன் பிரெடரிக் மார்ட்டின், தச்சுத்தொழிற் குடும்பத்தவர். கிற்றார் செய்யும் உரிமை எங்களுக்கே உண்டு, தச்சருக்கு இல்லை என்று அவ்வூர் வயலின் செய்வோர் சங்கம் வழக்காடிக்கொண்டிருந்த காலம் அது. இந்தப் பிடுங்குப்பாட்டின் நடுவே 1833இல் மார்ட்டின் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்; நியூயோர்க்கில் கடை வைத்து, பின்னர் பென்சில்வேனியாவின் நசரேத் நகரில் நிலைகொண்டார். அவர் குடும்பத்தின் பெயரிலேயே அந்தக் கொம்பனி இன்றும் நசரேத்தில் இயங்குகிறது. ‘மார்ட்டின்’ என்று பொறித்தால் அதைச் செய்தவர், அல்லது செய்வித்தவர், இன்னார் என்று காட்டக்கூடிய நிலை அங்கு நெடுங்காலம் இருந்தது.

மற்றவர்களின் கதை அவ்வாறு போகவில்லை. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் மாண்டலினும் கிற்றாரும் செய்த ஓர்வில் கிப்சனின் பெயரில் 1902இல் கொம்பனி அமைந்தது. அவரோ விரைவிலேயே அதிலிருந்து விலகி 1918இல் காலமானார். பெயர் தொடர்ந்து வளர்ந்தது. 1944இல் சிக்காகோ நிறுவனமொன்றின் கைக்கு மாறிற்று. 1969இல் நோர்லின் என்ற பெருநிறுவனத்திடம் சென்றது. உற்பத்தி படிப்படியாக டெனிசி மாநிலத்து நாஷ்வில்லுக்கு நகர்த்தப்பட்டு, 1984இல் கலமசூ ஆலை மூடப்பட்டது. அங்கேயே தொழில் பழகிய சிலர் ஊரைவிட்டுப் போக மறுத்தனர். மறு ஆண்டில் அதே பழைய கட்டடத்தில் ‘ஹெரிரேஜ்’ என்ற புதுப்பெயரில் கிற்றார் செய்யத் தொடங்கினர்.

இங்கேதான் நமது கேள்வி தெளிவாகிறது. கலமசூவில் அதே கட்டடம், அதே கைகள், ஆனால் வேறு பெயர். நாஷ்வில்லில் வேறு கட்டடம், வேறு கைகள், ஆனால் அதே பெயர். எது உண்மையான கிப்சன்? சட்டத்துக்கு இதில் ஐயமில்லை. பெயர் யாருடைய சொத்தோ அவர் செய்வதே கிப்சன். சந்தையும் சட்டத்தின் வழியே சென்றது. 2018இல் கிப்சன் கொம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றபோதும், கடன்காரர் பார்வையில் அக் கொம்பனியின் முக்கிய சொத்துகளுள் ஒன்றாக இருந்தது அந்தப் பெயரே.

லியோ ஃபென்டரின் கதை இன்னும் விநோதமானது. கலிபோர்னியாவில் வானொலிப்பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அவர், 1950இல் தமது மின்கிற்றாருக்கு ‘பிராட்காஸ்டர்’ என்று பெயரிட்டார். ஏறத்தாழ அதே பெயரில் மேளங்கள் விற்றுவந்த கிரெட்ச் கொம்பனி ஆட்சேபித்தது. புதுப்பெயர் கிடைக்கும்வரை ஆலை நிற்க முடியாது. எனவே ஒட்டும் பெயர்த்தாளில் அந்தச் சொல்லை மட்டும் கத்தரித்துவிட்டுக் கிற்றார்களை அனுப்பினார்கள். 1951இல் ‘டெலிகாஸ்டர்’ என்ற பெயர் நிலைபெற்றது. இடையில் பெயரின்றிச் சென்ற அக் கிற்றார்களைத்தான் இன்று சேகரிப்போர் மிக உயர்ந்த விலை கொடுத்துத் தேடுகின்றனர். பெயர் இல்லாததே அவற்றின் பெயராகிவிட்டது.

1965 ஜனவரியில் லியோ ஃபென்டர் தமது கொம்பனியை சீ.பீ.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். அவர் குடும்பப்பெயரும் அதோடு விற்பனையாயிற்று. அதன்பின் தரம் இறங்கிவிட்டது என்று வாசிப்போர் பேசத் தொடங்கினர், ‘சீ.பீ.எஸ். காலத்துக்கு முந்தியது’ என்பது சந்தையில் ஒரு விலைச்சொல்லாகவே ஆகிவிட்டது. லியோவோ கிற்றார் செய்வதை விடவில்லை. 1970களின் இறுதியில் ஜோர்ஜ் புல்லர்ட்டன் என்ற பழைய நண்பரோடு சேர்ந்து அவர் தொடங்கிய புதிய நிறுவனத்துக்கு, இருவரின் முதற்பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஜீ அன்ட் எல்’ என்று பெயர் வைத்தார்கள். 1991இல் இறக்கும்வரை அங்கேயே உழைத்தார். ஃபென்டரின் கை ஒரு பக்கம், ஃபென்டர் என்ற குறி மறுபக்கம்.

யப்பானிலிருந்து வந்த பாடம்

யப்பானின் நகோயா நகரில் ஹொஷினோ குடும்பத்தினரின் புத்தகக்கடை ஒன்று இருந்தது. 1908இல் அதன் ஒரு பிரிவாகத் தொடங்கியதே ஹொஷினோ இசைக்கருவி நிறுவனம். 1929 அளவில் ஸ்பெயினின் வலன்சியா நகரிலிருந்து சல்வடோர் இபானெஸ் பட்டறையின் கிற்றார்களை இறக்குமதி செய்தனர். பின்னர் தாமே கிற்றார் செய்யத் தொடங்கியபோது அந்த ஸ்பானியக் கைவினைஞரின் பெயரையே தம் பொருளுக்கு வைத்துக்கொண்டனர். இன்று உலகெங்கும் இளைஞர் கைகளில் காணும் ‘ஐபனெஸ்’ என்ற பெயரின் தோற்றம் இதுவே. அப்பெயருக்குரிய மனிதர் 1920இலேயே மறைந்துவிட்டார்.

1970களில் யப்பானிய ஆலைகள் அமெரிக்கக் கிற்றார்களை அச்சொட்டாக ஒத்த பிரதிகளைச் செய்தன. கிப்சனுக்குச் சொந்தக்காரரான நோர்லின், தலைப்பாகத்தின் வடிவத்தைக் களவெடுத்ததாக 1977இல் ஹொஷினோவின் அமெரிக்கக் கிளைமீது வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டில் வழக்கு இணக்கமாக முடிந்தது. வழக்கு ஒலியைப் பற்றியதன்று, மரத்தைப் பற்றியதுமன்று. பெயர் பொறிக்கும் அந்தச் சிறு மரத்துண்டின் உருவத்தைப் பற்றியது என்பதை நாம் மறக்கக் கூடாது.

இதன் தொடர்ச்சி இன்னும் சுவையானது. மட்சுமொட்டோ நகரத்து ஃபுஜிகென் ஆலை ஐபனெஸ் கிற்றார்களைச் செய்துவந்தது. 1982இல் ஃபென்டரின் யப்பானியக் கிளை அமைந்தபோது ஃபென்டர் கிற்றார்களைச் செய்யும் பொறுப்பும் அதே ஆலைக்குக் கிடைத்தது. 1985இல் ஊழியர்களும் முகாமையாளர்களும் சேர்ந்து ஃபென்டரை சீ.பீ.எஸ்.இடமிருந்து மீட்டபோது பெயர் கிடைத்தது. பழைய ஆலை கிடைக்கவில்லை. புதிய ஆலை முழுமையாக இயங்கும்வரை விற்பனைக்கிருந்த ஃபென்டர்களுள் பெரும்பாலானவை யப்பானியத் தொழிலாளர் கைகளிலேயே உருவாயின. ஒரு கடையில் ‘இதுவா அதுவா’ என்று வாங்குபவர் தடுமாறிய இரண்டு பெயர்கள், ஒரே கூரையின் கீழ் பிறந்தவையாகவும் இருந்திருக்கலாம்.

ஓர் எழுத்து மாற்றம்

நமது பக்கத்துக்கு வருவோம். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. உணவுப் பொருளுக்கே அந்நியச் செலாவணி போதாத நாட்டில் கிற்றாருக்கு யார் ஒதுக்குவார்? இருந்தபோதிலும் இலங்கையின் கிற்றார் இசை செழித்த காலமும் அதுவே. 1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அன்னெஸ்லி மாலேவனவும் ‘மூன்ஸ்ரோன்ஸ்’ குழு மூலம் சிங்களப் பாடலில் மின்கிற்றாரை ஒலிக்கச் செய்தார்கள். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாடலைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றார்கள். இருந்த கிற்றார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துக் கைமாற்றி வாசித்த கதைகளை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெயரைத் தெரிவுசெய்யும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை.

1977இன் பின் சந்தை திறந்தது. பெயர்கள் வந்தன. மோட்டார் சைக்கிளில் நாம் அறிந்திருந்த யமஹா என்ற பெயர், உண்மையில் 1887இல் ஒரு பழுதான ஆர்மோனியத்தைத் திருத்தப் போன தொரகுசு யமஹா என்பவருடையது என்பதும், அந்தக் கொம்பனியின் சின்னத்தில் இருப்பவை மூன்று இசைக்கவைகள் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அதே வேளையில் இந்தியாவிலிருந்தும் கிற்றார்கள் வந்தன. 1991 வரை இந்தியாவும் இறக்குமதிக்குக் கதவை மூடி வைத்திருந்த நாடு. அந்த மூடிய சந்தையில் கல்கத்தாவில் தயாரான ஒரு கிற்றாரின் பெயர் ‘கிவ்சன்’. இன்னொன்று ‘ஹோப்னர்’. கிப்சனில் ஓர் எழுத்தும், ஜேர்மனியின் ஹோஃப்னரில் ஓர் எழுத்தும் மாறியிருந்தன.

இவற்றைப் போலி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. போலி என்பது தன்னைப் பிறிதொன்றாகச் சொல்லிக்கொள்வது. இவை பெரிய பெயருக்கு ஓர் எழுத்து தள்ளி நின்று, விலையில் வெகுதூரம் தள்ளி நின்றன. கல்கத்தா, சென்னை, கொழும்பு, கண்டி என்று எத்தனையோ வீடுகளில் முதற் கிற்றாராக இருந்தவை இவையே. ஓர் எழுத்தைக் கடன் வாங்கித் தொடங்கிய பெயர், காலப்போக்கில் அதற்கென்றே கேட்டு வாங்கும் பெயராகவும் ஆயிற்று. பெரிய கொம்பனிகளின் பெயரை ஓர் எழுத்தும் மாற்றாமல் பொறித்துவரும் இக்காலத்துப் போலிகளே அபாயமானவை. பெயரை மாத்திரம் பார்த்து வாங்குபவரைத்தான் அவை எளிதில் ஏமாற்றும்.

1990களின் தொடக்கத்தில் நான் பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது எமது விடுதியில் ஒரு கிற்றார் இருந்தது. தலைப்பாகத்துப் பெயர் உரிந்து இரண்டு எழுத்துகளே எஞ்சியிருந்தன. முறுக்காணி ஒன்று உடைந்துவிட்டதால் அந்தத் தந்தியை மட்டும் குறட்டால் திருகிச் சுருதி கூட்டுவார்கள். அது எந்தக் கொம்பனியுடையது என்ற விவாதம் இடைக்கிடை எழும், தீர்ந்ததில்லை. அதில் இளையராஜாவின் பாடல்களை வாசித்த நண்பர்களுக்கு அந்த விவாதம் தடையாகவுமில்லை. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்துப் பாடல்களின் கிற்றார் இசையை நாமெல்லோரும் வானொலியில்தான் கேட்டோம். வானொலியில் பெயர்ப்பொறிப்பு தெரிவதில்லை.

பெயரில் வராதவர்கள்

பெயரும் கையும் பிரிந்ததால் நட்டப்பட்டவர் வாங்குபவர் மாத்திரமல்லர். கொரியாவின் கோர்ட் நிறுவனம் தன் பெயரிலும், பிற நாட்டுக் கொம்பனிகளின் பெயர்களிலும் பெருந்தொகையாகக் கிற்றார்களைச் செய்துவந்தது. 2007இல் அங்கு தொழிலாளர்கள் வேலை நீக்கப்பட்டு ஆலை மூடப்பட, உற்பத்தி இந்தோனேசியாவிலும் சீனாவிலும் தொடர்ந்தது. அத்தொழிலாளர்களின் போராட்டம் 12 ஆண்டுகள் நீடித்து 2019இல்தான் ஓர் உடன்பாட்டில் முடிந்தது. அவர்கள் பிசின் ஒட்டி, இழைத்து, மெருகிட்ட கிற்றார்களின் தலைப்பாகத்தில் இருந்தவை வேறு யாரோவின் பெயர்கள். கிற்றாரைக் கையில் எடுத்த எவரும் அவர்களை நினைக்கக் காரணமிருக்கவில்லை.

மலையகத்தவருக்கு இது புதிய கதையன்று. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். உலகம் அறிந்த பெயர் லிப்டனுடையது. கொழுந்து பறித்த கை தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளியுடையது. பொதியின் மேல் அந்தக் கைக்கு இடமிருக்கவில்லை.

மரத்துக்கும் இதே விதிதான். பிரேசில் நாட்டு நூக்கு மரம் கிடைப்பது அரிதானபோது 1969இல் மார்ட்டின் கொம்பனி தென்னிந்தியத் தோதகத்திக்கு மாறியது. ஈட்டி என்று நாம் சொல்லும் அதே மரம். இன்றும் உயர்விலைக் கிற்றார்களின் முதுகும் விலாவும் பெரும்பாலும் அதுவே. விரற்பலகைக்குப் பேர்போன கருங்காலியின் ஒரு வகை உலகச் சந்தையில் ‘சிலோன்’ என்ற அடைமொழியோடுதான் அறியப்பட்டது. இலங்கை அதன் ஏற்றுமதியைத் தடை செய்தது. 2009இலும் 2011இலும் மரத்தின் மூலம் பற்றிய சந்தேகத்தில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் ஆலைகளைச் சோதனையிட்டார்கள். 2012இல் அக்கொம்பனி 300,000 டொலர் தண்டப்பணம் செலுத்த உடன்பட்டது. பெரிய பெயர் மரத்தின் நேர்மைக்கும் உத்தரவாதமாகவில்லை.

கண்ணைக் கட்டிக் கேட்டபோது

நல்ல பெயருக்கு நல்ல ஒலி இருக்குமல்லவா என்று வாசகர் கேட்கலாம். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1862இல் ஸ்பானியக் கிற்றார்ச் சிற்பி அந்தோனியோ டி டொரெஸ், முதுகையும் விலாவையும் காகிதக்கூழ் அட்டையால் செய்து, முகப்புப் பலகையை மாத்திரம் நல்ல மரத்தில் அமைத்து ஒரு கிற்றார் செய்தார். ஒலியின் உயிர் முகப்பில்தான் இருக்கிறது என்று காட்டுவதே அவர் நோக்கம். ஏறத்தாழ 150 ஆண்டுகளின் பின் இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகு மரத்தில் மட்டுமே வேறுபட்ட ஆறு கிற்றார்களைச் செய்வித்து, மங்கிய ஒளியில் கண்ணை மறைத்து 52 வாசிப்போரிடம் கொடுத்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, விலையுயர்ந்த மரத்தையும் மலிந்த மரத்தையும் வாசித்தவர்களால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. வயலினிலும் இவ்வாறே. 2010இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களிடம் ஸ்ரடிவாரியஸ் உட்பட மூன்று பழைய இத்தாலியக் கருவிகளையும் மூன்று புதியவற்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோரால் பழையதெது புதியதெது என்று சொல்லக்கூடவில்லை.

இதனால் எல்லாக் கிற்றாரும் ஒன்றே என்று பொருள்கொள்ளக் கூடாது. ஆறு கிற்றார்களையும் செய்தவர் தேர்ந்த ஒரே கைவினைஞர் என்பது முக்கியம். வேலை நன்றாக இருந்தால் மரத்தின் பெயர் மங்கிவிடுகிறது என்பதே அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது. கொம்பனியின் பெயருக்கும் அது பெரும்பாலும் பொருந்தும்.

அப்படியானால் பெயரால் பயனேயில்லையா? உண்டு. ஆனால் எதற்கு உண்டு என்று பிரித்து அறிய வேண்டும். ஒன்று, பெரிய ஆலை ஆயிரக்கணக்கில் செய்யும் ஒரே மாதிரியில் ஒன்றுக்கொன்று வேறுபாடு குறைவு. இந்தோனேசியாவில் செய்யப்படும் யமஹாவின் எஃப் 310 போன்ற மாதிரிகளை ஆசிரியர்கள் தொடக்க மாணவருக்குச் சொல்வது இதனாலேயே. அங்கே பெயர் குறிப்பது ஒரு மேதையின் கையையன்று, ஒரு பரிசோதனை முறையை. இரண்டு, பிள்ளை ஆறு மாதத்தில் கிற்றாரை மூலையில் சாத்திவிட்டால் அறிந்த பெயரை விற்பது இலகு. மூன்று, பழுதானால் பொறுப்பேற்கும் முகவர் எட்டும் தூரத்தில் இருப்பின் அந்தப் பெயருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். முகவர் இல்லாத பெரும் பெயர், கண்டியைப் பொறுத்தவரை வெறும் எழுத்து.

இவற்றுக்கு அப்பால் பெயருக்காகக் கொடுக்கும் பணம் பிள்ளையின் விரலுக்குப் போய்ச் சேர்வதில்லை. கடையில் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். கழுத்தை ஒரு கண்ணால் நேர்கோட்டில் நோக்கி வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டாவது மெட்டுக்கு மேல் தந்தி மிக உயரத்தில் நின்றால் சின்ன விரல் புண்ணாகி, பிள்ளை ஒரு மாதத்தில் வெறுத்துவிடும். மெட்டுக் கம்பிகளின் ஓரம் கையைக் கீறக் கூடாது. முறுக்காணி திருகிய இடத்தில் நிற்க வேண்டும். தந்தியைத் திறந்து மீட்டும் சுரமும் பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டும் சுரமும் சரியாக ஒரு தானம் விலகி ஒத்து ஒலிக்க வேண்டும். மழையும் ஈரமும் மிகுந்த நம் மலையூரில் முகப்புப் பலகை வீங்கியிருக்கிறதா, தந்தி பூட்டும் கட்டை பெயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் அவசியம். இவை ஒன்றுக்கும் பெயர் விடை தராது.

1883 முதல் கொழும்பில் நடந்துவரும் தேயிலை ஏலத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் அது வந்த தோட்டத்தின் குறி உண்டு. குறிக்கு மதிப்பும் உண்டு. பெயர்பெற்ற தோட்டத்துக் குறியைக் கண்டால் வாங்குபவரின் காது நிமிரும். அவ்வாறிருந்தும் அவர்கள் குறியை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. தேநீரை ஊற்றி, வாயில் உறிஞ்சி, சுவைத்துத் துப்பிய பின்னரே விலை. இரண்டு நூற்றாண்டுகளாகப் பெயரோடும் கையோடும் புழங்கிவந்த இந்த மலைநாட்டில் அந்த வழக்கம் நமக்கு அந்நியமானதன்று. கிற்றாருக்கும் அதையே செய்யலாம்: பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு கருவியைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதைச் செய்த கை யாருடையது என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தாலும் தவறில்லை.